ஓலை வீட்டுக்குப் புகைக்குழாய்

அறுபதுகளின் கடைசியில் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த கிராம சேவிகாவின் பெயரை நான் கேட்டதே இல்லை. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. எந்த வீட்டுச் சமையல்கட்டில் நுழைந்தாலும் முதலில் சுவரில் விரலை இழுத்து, ஒட்டிய கரியைப் பார்ப்பார். பிறகுதான் பேச்சு.

புகையில்லா அடுப்பும் கூரைக்கு மேலே போகும் புகைக்குழாயும் வைத்துக்கொள்ள ஒன்றியம் கடன் கொடுத்தது. அந்தக் குழாய்களை விருத்தாசலத்துச் சூளையில் சுட்டு எடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் குழாய்ச் சூட்டில் ஓலை பற்றிக்கொள்ளும் என்று, ஓட்டு வீட்டுக்கு மட்டும்தான் கடன். எங்கள் தெரு முழுக்க ஓலைக் கூரை.

"ஓடு மாத்தறதுக்குக் கடன் இருக்குதுங்களா?" என்று இருமலுக்கு நடுவே என் மனைவி கேட்டாள்.

"அதுக்கு இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் எங்கள் மனுவை எழுதினார். கூரை என்ற இடத்தில் ஓலை என்றே போட்டார்.

"தள்ளிடுவாங்கன்னு தெரிஞ்சும் எதுக்குங்க எழுதறீங்க?" என்றேன்.

"எழுதலைன்னா இந்தத் தெருவுல பொகையே இல்லைன்னு ஆயிடும்ங்க."

மூன்று வருஷம் வந்தார். மூன்று வருஷமும் எழுதினார். அவருக்குப் பிறகு வந்தவர் அடுத்த தெரு ஓட்டு வீடுகளோடு நிறுத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். ஒன்றியத்துக் காகிதத்தில் எங்கள் தெருவில் புகை கிடையாது. சமையல்கட்டுச் சுவரில் அவர் விரல் இழுத்த கோட்டைக் கரி மூடிவிட்டது.