துடைப்பம் படாத மரத்தடி

முசெங்கா டீச்சருக்கு இரண்டு விஷயங்களில் பிடிவாதம் அதிகம். பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு சருகு கிடக்கக் கூடாது. முற்றத்து முத்தோண்டோ மரத்துப் புழுவில் யாரும் கை வைக்கக் கூடாது. மற்றபடி அவளோடு ஒத்துப்போவது சுலபம்.

சுண்ணக்கட்டி எடுக்கப் பையில் கைவிட்டால் நத்தை ஓடுதான் முதலில் வரும். ஊரே கண்டு அஞ்சும் பச்சோந்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவாள். எதிரே வருகிறவர்கள் மறுபக்கம் ஒதுங்குவார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் பெருமையாகப் பின்னால் நடப்பார்கள். சொந்தப் பிள்ளை இல்லாத குறை அவளுக்கு இருந்ததா என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

முதல் மழை விழுந்து புழுக்காலம் வந்துவிட்டால் வகுப்பு பாதி காலியாகிவிடும். குடும்பம் குடும்பமாகக் காட்டில் கூடாரம் போட்டுப் புழு சேர்ப்பார்கள். வேர்க்கடலை போட்டு வதக்கிய புழு இல்லாமல் உப்வாலிக் களி யாருக்கு இறங்கும்? டீச்சருக்கும் இறங்காது. ஆனால் சில வருஷங்களாகக் கிளையை வெட்டி, குஞ்சுப் புழுவையும் விடாமல் அள்ளிப்போனதில் காடு வற்றிவிட்டது. விதைக்கென்று ஒரு மரமாவது வேண்டும் என்று ஊர்த் தலைவர் சிப்பாலோவிடம் மன்றாடி, பள்ளிக்கூட மரத்தைக் காப்பாற்றிவைத்தாள்.

ஐந்து வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். ஒரு புழுவை ஒருவரும் தொடவில்லை. ஆனாலும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. இந்த வருஷம் பிள்ளைகள் எண்ணியபோது மொத்தமே நாற்பது.

சிப்பாலோ அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "என்ன டீச்சரம்மா, விதை ரொம்ப நல்லா முளைக்குது போலிருக்கே! அடுத்த வருஷமும் இதே கதைன்னா மரத்தை வெட்டி பெஞ்சு பண்ணிருவோம். பெஞ்சாவது கண்ணுக்குத் தெரியும்."

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு வாரம் அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் வந்தபோது மரத்தில் ஒரு புழுகூட இல்லை. அடியில் மண் கொத்திக் கிடந்தது. அதன்மேல் கூடை கூடையாகச் சருகு. நடுவில் கையில் மண்வெட்டியோடு கசூபா நின்றாள். பத்து வயதுப் பெண். முழங்கை வரைக்கும் மண். அவள் அம்மா புழுவைக் காயவைத்து நகரத்துச் சந்தைக்கு அனுப்புகிறவள்.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று டீச்சர் நினைத்தாள்.

"நாப்பது புழு! அதையும் விட்டுவைக்கல இல்ல? உங்கம்மா மூட்டை அதுலதான் நிறையப்போகுதா? போடி! என் கண்ணு முன்னால நிக்காத, போ!"

கசூபா அழுதாள். ஆனால் நகரவில்லை.

"போன்னா போக மாட்டியா?"

"எப்படிப் போறது டீச்சர்? சுத்தி அதுங்க இருக்கு."

"எதுங்க?"

"புழுங்க. நேத்து சாயங்காலம் இறங்க ஆரம்பிச்சுதுங்க. மண்ணுக்குள்ள போகணும்னு தலையால முட்டி முட்டிப் பாத்துச்சுங்க. முடியல. அஞ்சாறை எறும்பு இழுத்துட்டுப் போயிருச்சு. நாம தினமும் பெருக்கிப் பெருக்கித் தரையக் கல்லாக்கிட்டோம்னு அம்மா சொன்னாங்க. காட்டுல சருகுக்கு அடியில பொதபொதன்னு இருக்குமாம். அதுல புதைஞ்சு கூடு கட்டினாத்தான் அடுத்த வருஷம் பூச்சியாகி மரத்துல முட்டை போடுமாம். அதான் கொத்திவிட்டேன்."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே?" என்றாள் டீச்சர்.

"மரத்தடியில குப்பை போட்டா அடிப்பீங்கன்னு பயந்துட்டேன்."

ஐந்து வருஷமும் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, துடைப்பத்தைக் கொடுத்து, மரத்தடியைப் பளிங்காக வைத்திருந்தது அவள்தான். ஊரில் எந்த வீட்டு முற்றமும் அப்படித்தான் இருக்கும்; அதில் அவளுக்குத் தனிப் பெருமை வேறு. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, திருட்டுப் பட்டம் மட்டும் பிள்ளைக்கு. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. இத்தனை நாள் காட்டையும் பிள்ளைகளையும் நேசித்ததாக நினைத்தவளைக் கண்டு ஒரு பிள்ளை பயந்திருக்கிறது. அதுதான் அதிகம் வலித்தது.

"தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிரு கண்ணு" என்று அணைத்துக்கொள்ள ஓரடி எடுத்து வைத்தாள்.

"டீச்சர்! காலு!"

தூக்கிய காலைக் கீழே வைக்காமல் கொக்கு மாதிரி நின்றாள் முசெங்கா டீச்சர். கசூபாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. டீச்சர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அன்றைக்குத் துடைப்பம் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த புழுக்காலத்தில் சிப்பாலோ சொன்ன சொல் தவறாமல் கோடாலியோடு வந்தார். மரத்தை நெருங்கும்போதே அவர் தொப்பியில் பொட்டுப் பொட்டென்று ஏதோ விழுந்தது. தொட்டுப் பார்த்தார்: புழு எச்சம். அண்ணாந்தார். கிளைக்குக் கிளை புழு அப்பிக்கிடந்தது. கோடாலியைக் கீழே இறக்கிவைத்தார்.

பிறகு ஏதாவது குறை சொல்லியாக வேண்டுமே என்று, "முற்றம் என்ன டீச்சரம்மா இவ்ளோ குப்பையாக் கிடக்கு?" என்றார்.

"குப்பைதான் தலைவரே" என்றாள் முசெங்கா டீச்சர். "காலப் பாத்து வைங்க."