நூலைக் கொளுத்திப் பார்த்தவர்

வெள்ளிக்கிழமை ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் பேருந்துக்கு நின்றபோது, என்னோடு வேலை செய்யும் முருகேசன் போனில் அழைத்தான். "மாணிக்கண்ணன் போயிட்டாருடா. தூக்கத்துலயே." மாணிக்கம் அண்ணன் அரியலூர்க்காரர், இங்கே எங்கள் வெல்டிங் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். மறுநாள் நாங்கள் தங்கும் கேம்ப் பலகையில் ஆபீஸ் ஒட்டிய தாளில் 'அமைதியாகப் பணியாற்றியவர்' என்றிருந்தது. பச்சைப் பொய்.

2006 கோடையில் கம்பெனி எங்களுக்குப் புது கவரால், கழுத்திலிருந்து கால்வரை மூடும் வேலை உடுப்பு, வாங்கியது. பளபளப்பு, கசங்காது, துவைத்தால் உடனே காயும். நாங்களும் இளித்துக்கொண்டு மாட்டிக்கொண்டோம். முதல் வாரமே முருகேசன் கையில் தீப்பொறி விழுந்தது. துணி உருகி ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

அண்ணன் அந்தத் துணியில் ஒரு நூலை உருவி லைட்டரில் காட்டினார். சுருண்டு, கருப்பு மணியாக இறுகியது. பழைய பருத்தி நூலைக் காட்டினார். காகிதம்போல எரிந்து சாம்பலானது.

"பருத்தி செடியில வெளஞ்சது. இது கச்சா எண்ணெயில பொறந்தது, பாலியஸ்டர். பைப்பு, ஹெல்மெட், செருப்புன்னு அந்தச் சாதிதான் நமக்கு ஒழைக்குது, நான் குறை சொல்லல. நெருப்புகிட்ட அதுக்கு என்னடா வேலை?"

சொன்னதோடு நிற்கவில்லை. மிச்சக் கவரால்களை ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டார். மேனேஜர் ஆள் மேல் ஆள் அனுப்பி, கடைசியில் தானே கூப்பிட்டார்.

"மாணிக்கம் பாய், யல்லா, சீக்கிரம் சாவி கொடு. இல்லேன்னா விசா கேன்சல்."

அண்ணன் அவர் மேஜையிலேயே நூலைக் கொளுத்தினார். "பண்ணுங்க சார். சாவி மாஃபி, கெடையாது."

மூன்று நாள் கிழிந்த பழைய பருத்தியிலேயே வேலை செய்தோம். நான்காம் நாள் புதுப் பருத்தி கவரால் வந்தது. விசா தப்பியது, ஆனால் அண்ணனின் லீவை வெட்டினார்கள். மகள் கல்யாணத்தை அவர் போனில்தான் கேட்டார். மேளச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாம இருக்குமா? ஆனா முருகேசன் கை இருக்குல்ல," என்றார்.

ஊருக்கு அனுப்பும் முன் உடலுக்கு உடுத்த ஆபீஸ் ஒரு வேட்டி கொடுத்தது. நல்ல பளபளப்பு. தழும்பேறிய கையால் முருகேசன் நூல் ஒன்றை உருவிப் பற்றவைத்தான். கருப்பு மணி.

"அண்ணன் நெருப்புக்குப் போறாரு. இது அவரு மேல ஒட்டக் கூடாது," என்று ஆபீஸ்காரரிடமே திருப்பிக் கொடுத்தான்.

ரோலாவில் வேறு வேட்டி வாங்கினோம். கடைக்காரர் கத்தக் கத்த அங்கேயே நூலைக் கொளுத்தினோம். சாம்பல். அதைத்தான் அவருக்கு உடுத்தினோம்.

போய் வாருங்கள், அண்ணே. ஸ்டோர் சாவி இப்போது முருகேசனிடம் இருக்கிறது. ஆபீஸ்காரர்கள் கேட்டு வரட்டும், பார்க்கலாம்.