பத்து நாள் தீட்டில் பாடிய ஆல்பம்

எங்கள் ஆல்பம் ஓடத் தொடங்கியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹார்ட் ராக்கோடு கோதிக் இருட்டையும் கலந்து நாங்கள் நால்வர் செய்த ஒன்பது பாட்டுகள். அதுவரை திருவனந்தபுரத்துக் கல்லூரி விழாக்களில்கூட எங்களைக் கூட்டம் கலைந்த பிறகுதான் மேடையேற்றுவார்கள். இப்போது பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். அந்தக் கரகரத்த குரல் எங்கிருந்து வந்தது?

பாடுகிறவள் நான். வீடு அதே ஊரில், ஸ்ரீவராகத்தில். பேட்டையில் ஒரு ஸ்டுடியோவை மூன்று நாளுக்கு எடுத்திருந்தோம். அதை விட்டால் நாலு மாதத்துக்கு இடம் கிடைக்காது. அது தொடங்குவதற்கு முந்தைய நாள் காலை, பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பா, அப்பாவின் சொந்த அண்ணன், காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பத்து நாள் தீட்டு. வெளியே எங்கும் போகக் கூடாது, பாட்டு என்ற பேச்சே கூடாது. சாவையும் கல்லறையையும் பற்றியே பாட்டெழுதுகிறவளுக்கு, சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததும் வாயைக் கட்டிவிட்டார்கள். அழுதேன். தொண்டை கட்டிப்போகும்வரை அழுதேன்.

ஸ்டுடியோவின் கடைசி நாளன்று, ஆபீசில் லீவ் லெட்டர் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு ஆட்டோ பிடித்தேன். மற்ற மூவரும் அவரவர் பங்கை வாசித்து முடித்து எனக்காகக் காத்திருந்தார்கள். குரல் மேலே ஏற மறுத்தது. வேறு வழியில்லாமல் எல்லாப் பாட்டையும் கீழ் ஸ்தாயியில் இறக்கிப் பாடினேன். கித்தார்க்காரன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எடீ, இது மதி. ஒண்ணும் மாற்றண்டா" என்றான் மலையாளத்தில். இதுவே போதுமாம், எதையும் மாற்ற வேண்டாமாம்.

போன வாரம் ஒரு யூடியூப் பேட்டியில், பெரியப்பா போன துக்கத்தில் பாடியது என்று சொன்னேன். பேட்டி எடுத்த பெண் கண் கலங்கினாள்.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். தீட்டோடு போனதற்கு என்னைக் கிழி கிழியென்று கிழிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ பயத்தங்காய் நறுக்குவதை நிறுத்தவே இல்லை.

"லீவ் லெட்டர் குடுக்க யாருடி பாட்டு நோட்டை எடுத்துண்டு போவா? அன்னிக்கே தெரியும் நேக்கு. போனே, பாடினே, போறது. ஆனா அவருக்காக அழுதேன்னு மட்டும் ஊரெல்லாம் சொல்லாதே, கேட்டியோ."

"பின்னே எதுக்கு அழுதேனாம்?"

"அவர் இன்னும் நாலு நாள் கழிச்சுப் போயிருக்கப்படாதான்னு என்கிட்ட கேட்டு கேட்டுன்னா அழுதே. மறந்து போச்சா?"

மறக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தபோதுதான் அப்படிக் கேட்டேன். வெட்கமாக இருக்கிறது. நாளைக்குக் கொச்சியில் இன்னொரு பேட்டி. குரலைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.