தம்பி கையில் என் பழைய கெப்

என் பழைய கெப்பைத் தம்பிக்கு விற்ற அன்று ஒரு தலைவலி தொலைந்தது என்றுதான் நினைத்தேன். பின்னால் திறந்த தட்டு வைத்த டீசல் வண்டியை எங்கள் பக்கம் கெப் என்போம். மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து பதுளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்ற அதை விட்டால் வேறு கதியில்லை. அதோடு நான் வருஷக்கணக்காக மல்லுக்கட்டினேன். குளிர் நாளில் ஸ்டார்ட் ஆகாது. தொழிலாளர் லய வீடுகளிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். ஏற்றத்தில் கரும்புகை கக்கும். போதுமடா சாமி என்று அதைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, வேறு கம்பெனி கெப் ஒன்றைப் பளபளவென்று எடுத்தேன்.

அடுத்த வாரமே என் வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. பனி மூடிய விடியலில் தம்பி சாவியைத் திருப்புவான். ஒரே திருப்பு, உறுமிக்கொண்டு கிளம்பும். சந்தைக்கு அவன் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிறபோது ஹார்ன் வேறு. என்னிடம் இருந்தவரைக்கும் அந்தச் சனியன் ஒரு நாளாவது இப்படிக் கிளம்பியதா? என்னடா செய்தாய் என்று கேட்டே விட்டேன்.

"பெருசா ஒண்ணும் இல்லண்ணே. ஹீட்டர் பிளக்க மாத்துனேன். பேட்டரி ஒயர் துருப்பிடிச்சிருந்துச்சு, அதையும் மாத்திட்டேன்" என்றான்.

இவ்வளவுதானா! எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதுளைச் சந்தைக்குப் பக்கத்தில் கெப்காரர்கள் பிளேன்டீயோடு நின்று பேசுவது எப்போதும் ஒரே பேச்சுதான். யார் எந்தக் கம்பெனிக்கு மாறினார்கள், எது உழைக்கிறது, எது நடுவழியில் காலை வாரியது. நான் என் புதிய வண்டியின் புராணத்தை எடுத்துவிடுவேன். ஏற்றத்தில் சத்தமே வராது, புகை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பேன்.

"எல்லாம் சரிதாங்க. பழசு நின்னா ஸ்பேனரோட அடியில படுத்து கெளப்பிறலாம். புதுசு நின்னா கம்ப்யூட்டரையில்ல கொண்டுவரணும்" என்றார் பசறைக்காரர் ஒருவர். பிறகு, "ஒங்க தம்பி வண்டி மாதிரி ஒண்ணு கெடைச்சா சொல்லுங்க" என்றாரே பார்க்கலாம். தம்பி வண்டியாம்! அதை ஓட்டி ஓட்டி இடுப்பு ஒடிந்தவன் நான். பேர் அவனுக்கு.

இதெல்லாம் போகட்டும். எனக்குப் பெரிதாக இருந்தது மாரியம்மன் திருவிழா. எங்கள் தோட்டத்தில் அம்மன் ஊர்வலம் போவது கெப்பின் மேல்தான். தட்டில் சப்பரம் கட்டி, லயம் லயமாக நின்று, ஒவ்வொரு வீட்டு அர்ச்சனைத் தட்டையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் மேட்டுக் கோயிலுக்கு ஏற வேண்டும். கொண்டுவந்து சேர்ப்பவனுக்குக் கோயில் தலைவர் புதிய பட்டுத் துணியில் பரிவட்டம் கட்டுவார். வருஷா வருஷம் அது என் தலைக்குத்தான் வந்தது. தோட்டமே பார்க்க, தப்பு மேளச் சத்தத்தில், அந்த ஒரு நாள் நான் பெரிய மனுஷன்.

இந்த வருஷம் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் சிலர் இழுத்தார்கள். அம்மனுக்குப் பழகிய வண்டி அதுதானே, அதிலேயே போகட்டும் என்றார்கள். எனக்கு வந்ததே கோபம். "மரியாதை ஆளுக்கா, வண்டிக்கா? அந்தப் பழசு ஏத்தத்துல நின்னு அம்மாவ நடுரோட்டுல வச்சிரும், பாத்துக்கங்க" என்று கத்தினேன். கடைசியில் தம்பிதான், "அண்ணனே கொண்டு போகட்டும்" என்றான். அந்தப் பெருந்தன்மையும் எனக்கு எரிந்தது.

திருவிழா அன்று அம்மன் என் புதிய கெப்பில் ஏறினாள். ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. பத்தடி போவது, நிற்பது, மறுபடி பத்தடி. கீழ் லயம் தாண்டியதும் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று விட்டேன். புகையை வடிகட்டும் பில்டர் அந்த வண்டியில் உண்டு. இடையிடையே வேகமாக ஓடினால்தான் அதில் சேரும் கரி எரிந்து போகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஊர்வலத்தில் எங்கே வேகமாக ஓடுவது, அம்மனை வைத்துக்கொண்டு? கோயில் ஏற்றத்தின் பாதியில் இன்னொரு விளக்கும் எரிந்தது. அவ்வளவுதான். இன்ஜின் ஓடுகிறது, வண்டிக்கு இழுவை இல்லை. எவ்வளவு மிதித்தும் முனகியதே தவிர ஓர் அடி நகரவில்லை.

தப்பு நின்றது. தோட்டமே என்னைப் பார்த்தது. யாரோ, "பழசு நிக்கும்னாரே!" என்றதும் பெண்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது.

தம்பி கீழே இறங்கிப் போய் என் பழைய கெப்பைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திக் கயிற்றைக் கட்டினான். அது இழுத்தது. கரும்புகைகூட இல்லை. நான் பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பயணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கு நேரே அந்தப் பழைய வண்டியின் பின்கதவு. அதில் நான் ஆசையாக எழுதி வைத்த 'அம்மன் துணை'. ஏற்றம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

கோயில் வாசலில் தலைவர் பட்டுத் துணியோடு வந்தார். பழக்கதோஷம், நான் தலையைக் குனிந்து ஓர் அடி முன்னால் வைத்துவிட்டேன்.

"கொஞ்சம் இருங்க. இந்த வருசம் அம்மாவ மேல கொண்டுவந்தது ஒங்க தம்பிதானே?" என்றார்.

தம்பியின் தலையில் கட்டினார். தப்பு அதிர்ந்தது. எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. கூட்டம் கொஞ்சம் விலகியதும் தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"சின்னதுலேருந்து ஒங்க சட்டை, ஒங்க சப்பாத்து, ஒங்க சைக்கிள். இப்ப ஒங்க கெப்பு" என்றான் சிரித்துக்கொண்டே. "நீங்க போதும்னு விடாம, புதுசா எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதாண்ணே."

சுருக்கென்றது. நல்ல அண்ணனாக இருந்தால் அவனைக் கட்டிப் பிடித்திருப்பான். என் கண் அந்தத் துணியை விட்டு நகரவில்லை.

"கழட்டிறாதடா. வீட்டுக்குப் போறவரைக்கும் கட்டியிரு, நம்ம அம்மா பாக்கட்டும்" என்றேன். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.