முனிரத்தினம் காலை நீட்டிப் படுத்த இடம்

போன மாதம் ஒரு காலையில் சரோஜா அண்ணியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாரு." உடனே ஒரு கேள்வியும் கேட்டார். "வாடகை வீட்டுக்கு எடுத்துகினு வரக்கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியிலேருந்து எங்க எடுத்துகினு போறது?"

ஆரணியில் எத்தனையோ வீடுகளைக் கட்டிய, நான் அண்ணா என்று கூப்பிட்ட ஓவர்சியர் முனிரத்தினத்துக்குச் சொந்த வீடு இல்லை. ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதில் என் தவறும் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில், மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றை எங்கள் வீட்டுவசதிச் சங்கம் வாங்கியது. முள்ளும் பாம்புமாகக் கிடந்த இடம். வாடகை வீட்டில் தறி போட்டிருந்தவர்களுக்குத் தவணையில் கொடுக்க, ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொன்றும் பதினோரு அடி அகலம். வரைபடம் போட்டது நான், கட்டும் பொறுப்பு முனிரத்தினத்துக்கு. அவரும் வாடகை வீட்டுக்காரர்தான் என்பதால் பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் அவருடையது.

கடைக்கால் தோண்டும் முன்பு, நெல் காயவைத்த களத்தில் வீட்டை முழு அளவில் சுண்ணாம்புக் கோடாகப் போடச் சொன்னார். "காகிதத்துல எல்லா வீடும் நல்லாத்தான்யா இருக்கும்" என்பார். சங்க உறுப்பினர்களான உங்களில் சிலர் அந்தக் கோடுகளுக்குள் நின்று பார்த்தவர்கள்தான். அன்று பச்சையம்மாள் என்ற நெசவுக்காரர் தறிக்கான இடத்தைக் காலால் அளந்துவிட்டுக் கேட்டார். "தறி நிக்குங்க. நாங்க எங்க படுக்கிறது?"

முனிரத்தினம் தறிக் கோட்டுக்கும் சுவர்க் கோட்டுக்கும் நடுவே வெள்ளை வேட்டியோடு படுத்துவிட்டார். காலை நீட்டியதும் பாதம் பக்கத்து வீட்டுக்குள் போய்விட்டது. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "முடங்கிப் படுக்க வாடகை வீடே போதுமே. அகலத்துல ஒரு அடி சேத்துப் போடுய்யா."

எனக்குக் கோபம் வந்தது. "அண்ணா, ஒவ்வொண்ணுலயும் ஒரு அடி சேத்தா ஒரு வீடே போயிடும். யார் பேரை எடுக்கிறது?"

படுத்தபடியே சொன்னார். "பன்னெண்டாவது பேரை எடு."

எடுத்துவிட்டேன். இன்னொரு முறை கேட்டிருக்கலாமே என்று இன்றுவரை உறுத்துகிறது.

அண்ணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. என்னிடம் பேசினார். "ஊருக்கெல்லாம் வீடு கட்டுறாரு உங்க அண்ணன். நான் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரரைக் கேட்டுகினு நிக்கிறேன்." நான் தலையைக் குனிந்து காப்பியைக் குடித்து முடித்தேன்.

போன் வந்த அன்று பச்சையம்மாள் வீட்டுக்குத்தான் ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் தறிமேல் துணியைப் போர்த்திவிட்டார். "இங்க எடுத்துகினு வாங்க. இதையெல்லாம் கேப்பாங்களா?"

தறிக்கும் சுவருக்கும் நடுவே அவரைக் கிடத்தினோம். கால்கள் நன்றாக நீண்டிருந்தன. பதினோரு வீட்டாரும் வாசலில் நின்றார்கள். அதுவரை அடக்கிவைத்திருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

இப்போதும் எந்த வீட்டுக்கு வரைபடம் போட்டாலும், மனதுக்குள் ஒரு ஆளைக் காலை நீட்டிப் படுக்கவைத்த பிறகுதான் சுவரை வரைகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.

காரியம் முடிந்த அன்று, அவருடைய படம் தன் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்றார் பச்சையம்மாள். அண்ணி ஆணியைச் சுவரில் வைத்தபடி, பழக்க தோஷத்தில் திரும்பிப் பார்த்தார்.

"அடி, அக்கா. இங்க யாரைக் கேக்கணும்?"

அண்ணி ஓங்கி அடித்தார். அந்தச் சத்தமும் இனி என்னோடு இருக்கும்.