புகையானில் விளக்கெண்ணெய்

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பதாகவும் இல்லை.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்காகக் காட்டுமன்னார்கோயில் வயல்களில் முழங்கால் சேற்றில் நின்றவள் நான். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதான அந்த உடம்பில் துளியூண்டு இருக்கும் கொழுப்புகளை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்க வழி கண்டதும் நான்தான்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். மறுநாள் விஜயதசமி. அளவீட்டைத் தன் கையால்தான் தொடங்க வேண்டும் என்று தலைவர் பிடிவாதம் பிடித்தார். திரியை விளக்கெண்ணெயில் நனைத்து ஏற்றினார். அதே விரல்களோடு, கையுறைகூடப் போடாமல், என் பூச்சிக் குப்பிகளை எடுத்தார்.

"சார், கை கழுவிட்டு..."

"நல்ல நேரம் போவுது, தள்ளும்மா!"

வெளிக் கலப்பு ஏறினால் தெரியட்டும் என்று பூச்சி போடாத வெறும் குப்பி ஒன்றையும் அளந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அதற்கு பிளாங்க் என்று பெயர். அவசரத்தில் அதையும் விட்டுவிட்டார்.

புகையானில் யாருமே பார்த்திராத ஒரு கொழுப்பு அமிலம் வந்தது. மனிதர் தலைகால் புரியாமல் ஆடினார். கட்டுரையும் தயாரானது. அதில் என் பெயர் இல்லை. கேட்டேன்.

"பூச்சி புடிச்சதுக்கெல்லாம் பேரு போட முடியுமா?" என்றார்.

அன்று அவர் விரலில் இருந்த எண்ணெய் நினைவுக்கு வந்தது. பூஜை அலமாரியிலிருந்த விளக்கெண்ணெயில் ஒரு துளியை மெஷினில் ஓட்டினேன். திரையில் அந்தப் புதுக் கொழுப்புக்கு எழும்பிய அதே பீக், அதே இடத்தில். அடேங்கப்பா! யாரிடமும் மூச்சு விடவில்லை.

மஞ்சக்குப்பத்தில் ஆய்வாளர்கள் கூட்டம். மேடையில் அவர் தன் கண்டுபிடிப்பைப் பற்றி முழங்கினார். நான் வாயைத் திறந்தால் அவர் கை பட்ட என் பூச்சிகள் எல்லாமே குப்பைக்குத்தான், அடுத்த போகம் வரை வேலை நின்றுவிடும். நாசமாய்ப் போகட்டும் என்று எழுந்தேன்.

"பிளாங்க் ஓட்டுனீங்களா சார்?"

"அதெல்லாம் ஆச்சும்மா."

"அப்ப நம்ம லேப் சாமி வெளக்கு எண்ணெயிலயும் அதே பீக் எப்படி சார் வருது?"

போனிலிருந்த அந்த பீக்கின் படத்தை முன்வரிசையில் நீட்டினேன். ஒருவர் பார்த்துச் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது.

வெளியே வந்ததும் தலைவர் என்னைத் தனியே அழைத்தார்.

"என் ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம் சார். ஆனா நீங்க இப்படித் தல குனிஞ்சு நிக்கிறத நான் பாத்திருக்க முடியாதே" என்றேன்.