அம்மாவின் கூடைக்கு ஒரு கை

போன வருடம் ஐப்பசியில், விடாமல் பெய்த மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நடந்தது இது. தெருவெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வானம் கிடந்தது. மரங்கள் தலைகீழாக நின்றன. இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும், அது உண்மையில் நடந்ததா, மழைக்கு இதமாகத் தூங்கிப்போய் நான் கண்ட கனவா என்று ஒரு கணம் குழம்பிவிடுவேன்.

எங்கள் வீடு சாந்தோம் கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறது. அப்பா கடலுக்குப் போனவர். நான் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா தலையில் மீன் கூடை சுமந்து, மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் என்று தெருத்தெருவாக விற்றுத்தான் என்னை வளர்த்தாள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். தி.நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், "போதும்மா, இனிமே நீ உட்கார்ந்து சாப்பிடு" என்று அவளை வீட்டில் உட்கார வைத்தேன்.

அதன்பிறகு சில வருடங்களில் மறதி வந்துவிட்டது. முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்பு. பிறகு, எல்லாக் கட்டுமரமும் கரைக்கு வந்துவிட்டதே, அப்பாவை மட்டும் காணோமே என்று வாசலில் நிற்பது. டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னபோது, பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி நான் அதன் எழுத்துகளைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். படித்தவன் இல்லையா? எல்லாவற்றுக்கும் சரியான விடை ஒன்று உண்டு என்ற எண்ணம். அம்மா எதையாவது தப்பாகச் சொன்னால் பொறுமையாகத் திருத்துவேன். "அப்பா இப்ப இல்லம்மா." "இது வெள்ளிக்கிழம இல்லம்மா." அவள் என்னைப் பார்க்கும் பார்வை ஒவ்வொரு திருத்தத்துக்கும் கொஞ்சம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இட்லி வாங்கி வர முனைக் கடைக்குப் போனேன். மாத்திரை போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். திரும்பி வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. அம்மா இல்லை. வாளியில் ஊறவைத்திருந்த என் அலுவலகச் சட்டைகளும் இல்லை. பரணில் கிடந்த, அம்மா மீன் சுமந்த பழைய அலுமினிய அன்னக்கூடையும் இல்லை.

கடற்கரைப் பக்கம் ஓடிப் பார்த்தேன். அலையைத் தவிர யாரும் இல்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, கீழ்வீட்டு அக்கா சொன்னாள்: "துணி காயப் போடப் போறேன்னாங்க. கனமா கீது, ஒரு கை குடுன்னாங்க. நான்தான் தூக்கி உட்டேன். அந்தாண்ட ரோட்டுப் பக்கம் போனாங்களே, இன்னா ஆச்சு தம்பி?"

ரோட்டுப் பக்கம் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா துணி காயப் போடப் போகவில்லை. வியாபாரத்துக்குப் போயிருக்கிறாள்.

இட்லிப் பொட்டலத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினேன். தேங்கி நின்ற தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது, ஊரே கடலுக்கு அடியில் இறங்கிவிட்டது போலவும், நான் அதற்குள் மெதுவாக மிதந்து போவது போலவும் இருந்தது. மந்தைவெளியில் இல்லை. அதற்கு அடுத்த தெருக்களிலும் இல்லை. கடைசியில் ஒரு திருப்பத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கறுப்புக் கேட்டுக்கு முன்னால், கூடையை இறக்கி வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள் அம்மா. கூடையின் மேல் ஈரச் சாக்கு ஒன்று மூடியிருந்தது.

"எழுந்திரும்மா, கார் வெளிய வரணும்" என்று வாட்ச்மேன் கத்திக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. விரல்கள் நடுங்கின. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. உடனே எதையாவது சாப்பிட வைக்காவிட்டால் மயங்கி விழுந்துவிடுவாள்.

"அம்மா, ரெண்டு வாய் இட்லி சாப்பிடும்மா. அப்புறம் வீட்டுக்குப் போலாம்."

அம்மா கையை உதறினாள். "யாருடா நீ? இன்னாத்துக்குக் கைய புடிக்கிற? உடுறா!"

அந்தக் குரலில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆட்டோவை ஓரம் கட்டியிருந்த ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்தார். "இன்னா தம்பி, காலங்காத்தால பெரிய மனுசி கையில இன்னா வேல உனக்கு?"

"எங்கம்மாண்ணே."

"அவுங்க அப்டி சொல்லலியே."

நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் கைப்பேசியை எடுத்து என்னைப் படம்பிடிக்கவே தொடங்கிவிட்டார். நான் என் கைப்பேசியில் இருந்த படத்தைத் தேடிக் காட்டினேன். நான் பட்டம் வாங்கிய அன்று எடுத்தது. அம்மா என் தோளுக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் தணிந்தது. "தப்பா நெனச்சுக்காத நைனா. ஆனா அந்தம்மா நம்பணுமே."

அம்மா நம்பவில்லை. இட்லிப் பொட்டலத்தைத் தள்ளிவிட்டாள். "போணி ஆவட்டும். போணி ஆவாம நான் என்னிக்கிப் பச்சத்தண்ணி குடிச்சிருக்கேன்?"

அது அவளுடைய வழக்கம். முதல் வியாபாரம் ஆகாமல் வாயில் எதுவும் போட மாட்டாள். அந்தப் போணியும் கைராசிக்காரர் கையால்தான் ஆக வேண்டும். இந்தத் தெருவில் பச்சை கேட் போட்ட வீட்டில் இருந்த ஒரு பெரியவர்தான் அவளுக்குக் கைராசி. "பச்ச கேட்டு ஐயா வருவாரு" என்றாள். பச்சை கேட்டும் இல்லை, வீடும் இல்லை. அந்த இடத்தில்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது.

"அந்த வீட்ட இடிச்சாச்சும்மா. நீ மீன் விக்கறத விட்டே ரொம்ப வருஷம் ஆச்சு" என்றேன். வழக்கம்போலத் திருத்தினேன். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

சரி, நானே வாங்குகிறேன் என்று பணத்தை நீட்டினேன். "கைய புடிச்சி இழுத்தவன் கையில போணியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆட்டோக்காரர் நல்ல மனிதர், அவரும் முயன்று பார்த்தார். "எனக்குக் குடும்மா ஒரு கூறு." அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் மூஞ்சில போணியா? நாளு வெளங்கிடும்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் தலை லேசாக ஆடத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் கேட் திறந்தது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மாமி வெளியே வந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். யாரையும் பார்க்கவில்லை. நேராக அம்மாவுக்கு எதிரே, ஈரத் தரையென்றும் பாராமல் உட்கார்ந்தார்.

"ஏம்மா, மீன் என்ன விலை?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். என்னையே அடையாளம் தெரியாதவள் அவரைச் சட்டென்று எடை போட்டுவிட்டாள். "நீங்க சாப்புட மாட்டீங்களே மாமி?"

மாமி அசரவில்லை. "எனக்கில்லேம்மா. ஆத்துல பூனை இருக்கு. குட்டி வேற போட்டிருக்கு. பத்திய சாப்பாடு போட முடியுமோ அதுக்கு?"

அம்மாவின் உதட்டோரம் சுழித்தது. "குடுத்து வெச்ச பூன" என்று சாக்கை விலக்கினாள்.

உள்ளே என் சட்டைகள். நீளவாக்கில் மடித்து, காலர் எல்லாம் ஒரு பக்கம், வால் எல்லாம் ஒரு பக்கம் என்று மீனை அடுக்குவது போலவே அடுக்கியிருந்தாள். மழைக்காலத்து மங்கிய வெளிச்சத்தில் அவை ஈரமாக மின்னின. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கே அவை மீனாகத்தான் தெரிந்தன.

"இந்தக் கோடு போட்டது என்ன மீன்?"

"அது சூர. பூனைக்கு அது போதும். வெள்ளையா கீதே, அது வஞ்சரம்."

"பழசில்லையே?" என்று மாமி வெள்ளைச் சட்டையின் நுனியைப் பிடித்து ஒடிக்கிற மாதிரி வளைத்தார். அம்மா கையைத் தட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

"இன்னா மாமி, வெண்டிக்காவா இது, நுனிய ஒடிச்சிப் பாக்க? செவுளத் தூக்கிப் பாக்கணும்!" காலரைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, எப்டி செவந்து கீது."

மாமி காலருக்குள் குனிந்து மிகுந்த கவனத்தோடு பார்த்தார். வாட்ச்மேன் சிரித்துவிட, மாமி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அம்மா ஒரு விலை சொன்னாள். மாமி பாதிக்குக் கேட்டார். "கத்திரிக்கா வாங்கற எடத்துல போய்க் கேளுங்க" என்றாள் அம்மா. ஒருவழியாகப் படிந்தது. நோட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றி, கூடையைச் சுற்றிக் காட்டிவிட்டு இடுப்பில் செருகினாள். "வெட்டித் தரவா?" என்று கேட்டாள். "வேண்டாம், ஆத்துல பார்த்துக்கறேன்" என்றார் மாமி.

பிறகு வாட்ச்மேனிடம் சொல்லி மேலேயிருந்து ஒரு டம்ளர் காபி வரவழைத்தார். "போணிதான் ஆயிடுத்தே, குடி." அம்மா ஒரே மூச்சில் குடித்தாள். அதன்பின் என் இட்லிப் பொட்டலத்தையும் மாமி கையாலேயே கொடுக்க, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். விரல் நடுக்கம் மெல்ல மெல்ல நின்றது. நான் கேட்டில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சக்கரை நிறையப் போடச் சொன்னேன். மாடியிலேர்ந்து பார்த்துண்டே இருந்தேன், கை நடுங்கித்து. எங்காத்துக்காரர் வாத்தியார். கடைசி நாள்லே தினமும் கார்த்தால ஸ்கூலுக்குக் கிளம்பிடுவார். நான்தான் எதிர்க்க நின்னுண்டு 'வணக்கம் சார்' சொல்லணும். சொன்னாத்தான் அவருக்குக் காபி உள்ளே இறங்கும்." சொல்லிவிட்டு, கையிலிருந்த வெள்ளைச் சட்டையைப் பிழிந்தார். "இதை அப்புறமா வந்து வாங்கிக்கோ."

"பூனைக்கு இருக்கட்டும் மாமி" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் பூனையே கிடையாது.

அம்மா எழுந்தாள். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்தாள். மீன்காரிக்கு நிறைந்த கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. போகிற வருகிறவர் யாராவது கை கொடுக்க வேண்டும். ஆட்டோக்காரர் முன்னால் வந்தார். அம்மாவின் கண் அவரைத் தாண்டி என்மேல் வந்து நின்றது. இப்போது அதில் கோபம் இல்லை.

"நீ வா நைனா. ஒசரமா கீற. ஒரு கை குடு."

சின்ன வயதிலிருந்தே அந்தக் கூடையைத் தொட அம்மா என்னை விட்டதே இல்லை. ஓடிப்போய்க் கை வைத்தாலும் விரட்டுவாள். கையில் மீன் வாடை ஒட்டிக்கொள்ளும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பாள். பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடைக்காரர், தெருவில் போகிற முன்பின் தெரியாதவர் எல்லாரும் தூக்கிவிடுவார்கள். நான் புத்தகப் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

குனிந்து கூடையின் விளிம்பைப் பிடித்தேன். ஈரத் துணி, நல்ல கனம். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் வரை, நெஞ்சு வரை, பிறகு தலைக்கு. ஒரு கணம் எங்கள் இருவர் முகமும் கூடைக்கு அடியில் நேருக்கு நேராக வந்தன. "நல்லா இருப்ப" என்றாள்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவள் கூடவே நடந்தேன். அவள் பாட்டுக்கு "மீனே..." என்று ஒரு குரல் கொடுத்தாள். தண்ணீரில் கிடந்த வானத்தை மிதித்து மிதித்து இருவரும் போனோம். நான் எதையும் திருத்தவில்லை. திருப்பங்களில் மட்டும் வீட்டுப் பக்கமாக நடந்தேன். அவளும் கூடத் திரும்பினாள்.

"எம்மவன் உன்ன மாரியே ஒசரம்" என்றாள் திடீரென்று.

"இன்னா பண்றாரும்மா?"

"படிச்சிக்கினு கீறான். இதெல்லாம் அவன தொட உட மாட்டேன்."

"அவருக்குத் தூக்கி உடணும்னு ஆச இருந்திருக்குமே?"

அம்மா ஒரு கையால் கூடையைச் சரிசெய்துகொண்டாள். "இருக்கும். பையோட நின்னு பாத்துக்கினே இருப்பான். நான் திரும்பியே பாக்க மாட்டேன். பாத்தா குடுத்துடுவேன்ல, கூடைய?"

இப்போது என் விடுமுறை நாட்களில் காலையில் மாத்திரைக்கு முன்பே போணி ஆகிவிடுகிறது. கீழ்வீட்டு அக்கா பேரம் பேசுகிறாள். அதன்பிறகு அம்மா இட்லி சாப்பிட்டுவிட்டு, யாரென்றே தெரியாத என்னைக் கைகாட்டிக் கூப்பிடுவாள். மகனாக இருந்த அத்தனை வருடமும் அவள் எனக்குத் தராத அந்தப் பாரத்தை, வழியில் போகிற யாரோ ஒருவனாக ஆன பிறகுதான் என்னால் ஒரு பக்கம் பிடிக்க முடிந்திருக்கிறது.